சும்மாட்டோடு யாராவது உல்லாசம் போவார்களா

அறுபத்தாறு வயசில் இரண்டாம் தடவையாகக் கொடைக்கானல் போய்விட்டு வந்தேன். முதல் தடவை போனது லாரியில், சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து. இந்தத் தடவை பஸ்ஸில், ஜன்னல் ஓரம். நடுவில் நாற்பத்தேழு வருசம் ஓடிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே அந்த மலை தெரியும். மேகம் இறங்குகிறதா, மழை வருமா என்று பார்ப்போம். ஏறிப் போய்ப் பார்க்கணும் என்று தோன்றினது கிடையாது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கிற மலை, அடிவாரத்துக்காரிகளான எங்களுக்கு வெளிநாடு மாதிரி.

நான் பார்க்கப் போகவில்லை, சண்டை போடப் போனேன். எனக்குச் சண்டை போட வராது என்பது தெருவுக்கே தெரியும். ரேசன் கடையில் என் முறை வந்தாலும் பின்னால் நிற்கிறவளை முன்னால் விட்டுவிட்டு நிற்கிற ஆள் நான். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை எழுதாமல் விடமாட்டேன்.

எங்கள் ஊரை மில் கேட்டு என்பார்கள். பழைய பேர் ஒன்று உண்டு, அது பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. மலைக்கு வடக்கே கடலைக்காடாகக் கிடந்த செம்மண் பூமி. அங்கே ஒரு நூல் மில் வந்தது. வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை என்று சொல்லிக் காட்டை வாங்கினார்கள். வேலை கொடுத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூணு வரிசை லைன் வீடும் கட்டினார்கள். சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும், சங்கு ஊதினால்தான் சோறு தின்னும். வேப்பிலை மேலெல்லாம் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அப்புறம் மில்லை மூடினார்கள். மிஷின்களைப் பழைய இரும்புக்கு வெட்டி எடுத்துப் போனார்கள். இப்போது அந்த ஷெட்டில் கோழித் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கேட்டும் போய்விட்டது, ரெண்டு தூண்தான் நிற்கிறது. கண்டக்டர் மட்டும் இன்னும் "மில் கேட்டெல்லாம் எறங்கு" என்று சத்தம் போடுகிறார்.

எங்கள் தெரு முருகேசன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போனவர், ஒரு பெரிய ஹோட்டலின் சுவரில் நம் மில் போட்டோ மாட்டியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துத் தெரு குரூப்பில் போட்டுவிட்டார். அந்த ஹோட்டல் அந்தக் காலத்தில் எங்கள் மில் முதலாளியின் பங்களா. படத்தில் பதினோரு பெண்கள் வரிசையாக நிற்கிறோம். கடைசியில் நிற்பது நான். எனக்கு அப்போது பத்தொம்பது வயசு, கல்யாணமாகி எட்டு மாசம். எனக்கு முன்னால் மாரியாயி அக்கா. இடமிருந்து மூணாவது பாப்பாத்தி, என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவளுக்குப் பதினேழு வயசு.

படத்துக்குக் கீழே அச்சில் எழுதியிருந்தது: "மில் பெண்களின் கொடைக்கானல் உல்லாசப் பயணம். பாரம்பரியத் தலையணியுடன்."

என் மருமகள் அதை வாசித்துக் காட்டினபோது பாப்பாத்தி பூ கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி கட்ட ஆரம்பித்தாள். எதிர்வீட்டுச் சின்னத்தாயிதான் வாசலில் நின்று, இத்தனை வருசம் நாங்க சொன்னா கோவம் வந்துச்சே, இப்ப அச்சுலயே போட்டுட்டான் பாத்தியா என்று சிரித்தாள்.

அந்த உல்லாசம் என்ன என்று நான் சொல்லணும். அப்போதெல்லாம் கரண்ட் வெட்டு அதிகம். வாரக்கணக்கில் மில் நிற்கும். ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற எங்களை மாதிரி தற்காலிகப் பெண்கள் வீட்டில் கிடப்போம். மேஸ்திரி வந்து சொல்வார், மலைக்கு வருகிறவளுக்குக் கரண்ட் வந்ததும் முதல் ஷிப்டு, வராதவளுக்கு இடம் கிடையாது என்று. மலையில் முதலாளி பங்களாவுக்குத் தோட்டமும் கல் சுவரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மில் ஆளைச் சொந்த வீட்டு வேலைக்குக் கொண்டுபோகக் கூடாதாம். அதனால் யார் கேட்டாலும் உல்லாசப் பயணம் வந்தோம் என்று சொல்லணும் என்று லாரி ஏறும்போதே பாடம். கழிவுப் பஞ்சைத் துணிக்குள் வைத்துச் சும்மாடு கட்டி, தலையில் வைத்து, அஞ்சு நாள் கல் சுமந்தோம்.

ரெண்டாம் நாள் முதலாளியின் விருந்தாளி ஒருத்தர் கேமராவோடு வந்தார். வரிசையாக நிற்கச் சொன்னார். சும்மாட்டை இறக்கக்கூட விடவில்லை, அது இருந்தால்தான் அழகாம். சிரிக்கச் சொன்னார், சிரித்தோம். அன்றைக்கு மத்தியானமே மேல் வரிசைக் கல் உருண்டு பாப்பாத்தியின் இடது காலில் விழுந்தது. பாதம் நசுங்கிவிட்டது. லாரியில் பங்களா சாமான் ஏற்ற வேண்டியிருந்ததால் சாயங்காலம்தான் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதச் சொன்னார்கள் தெரியுமா? உல்லாசப் பயணத்தில் விளையாடும்போது விழுந்தது என்று. வேலையில் அடிபடவில்லை, ஆகவே மில்லுக்குச் சம்பந்தம் இல்லை. அவளுக்கு வேலை போனது. கால் கோணிப்போனது. அதைவிட மோசம், மலைக்கு ஆடப் போய்க் காலை ஒடித்தவள் என்ற பேர். யாரோடு ஆடினாள் என்று கேட்டவர்களும் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் தெரு முனையிலேயே திரும்பிப் போனார்கள். அவள் கல்யாணம் பண்ணவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள்.

அந்தப் பொய்யைத்தான் இப்போது கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்து நாலு நாள் கழித்துப் பாப்பாத்தி சொன்னாள், "மதினி, அதை மாத்தச் சொல்லிட்டு வா. என்னால ஏற முடியாது. நீ பேசமாட்ட, மாரியாயி அக்காளையும் கூட்டிட்டுப் போ."

மாரியாயி அக்கா பெரும்பாறையில் இருக்கிறாள். மில் மூடினபிறகு காப்பித் தோட்ட வேலைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

முதல் நாள் பெரும்பாறைக்குப் பஸ் ஏறினேன். மலை ஏற ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றல். கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பஜ்ஜி வீதம் தின்றுகொண்டு வந்தார். எண்ணெய் வாசனை என் மூக்கிலேயே வந்து நின்றது. எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கிவிட்டேன். அடுத்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் போனது. அந்த அம்மா என் முதுகைத் தடவிவிட்டு, வெறும் வயித்துல ஏறினா இப்படித்தான் வரும் என்று இன்னொன்று நீட்டினார்.

பாதி வழியில் வாழைத்தார் ஏற்றின ஜீப் ஒன்று அச்சு முறிந்து ரோட்டில் குறுக்கே கிடந்தது. பஸ்ஸில் இருந்த ஆம்பளைகள் இறங்கி அதை ஓரமாகத் தள்ளினார்கள். ஜீப்காரர் எல்லாருக்கும் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தார். தோல் கருத்து, உள்ளே தேனாக இருந்தது. எங்கள் ஊர்க் கடையில் இதே பழத்தைப் பிஞ்சில் வெட்டிப் புகை போட்டு விற்கிறார்கள். மலை எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பழம் மட்டும் வேறெங்கோ போய்விட்டு மிச்சம்தான் வருகிறது.

மாரியாயி அக்கா ரோட்டிலேயே நின்றாள். எழுபது வயசு, இன்னும் மிளகு பறிக்க ஏணி ஏறுகிறாள். அவள் வீட்டுக்காரர் இலங்கையில் இருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டாலும் அவர் பேச்சு அவள் வாயில் நிற்கிறது. "வா புள்ள, தேத்தண்ணி குடி" என்றாள். காப்பித் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணி. அவித்த மரவள்ளியும் மிளகு போட்ட கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். குடலே வெளியே வந்த நான் ரெண்டு தட்டு தின்றேன்.

படத்தைக் காட்டினேன். அவள் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் மூஞ்சியை முதலில் தேடினாள்.

"நான் இம்புட்டு அழகாவா இருந்தேன்?" என்றாள். "ஏன்டி, அப்பவே ஒருத்தியும் சொல்லலை?"

அப்புறம் எழுத்தை வாசித்துச் சொன்னேன். அவள் முகம் மாறிப்போனது. அன்றைக்குப் பாப்பாத்தியைத் தன் மடியில் போட்டு லாரியில் கீழே கொண்டுவந்தவள் அவள்தான். நாளைக்கு வெள்ளனே கிளம்பணும், மிளகுச் சோலி கிடந்தால் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

ரெண்டாம் நாள் காலையில் கொடைக்கானல் பஸ். பண்ணைக்காடு தாண்டி ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று ரோட்டு நடுவில் நின்றது. எருமையைவிட ரெண்டு மடங்கு, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. டிரைவர் ஆரன் அடிக்கவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு டீ வாங்கி வரச் சொல்கிற ஆள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் ஒருத்தர், மாட்டுக்கிட்ட வழி கேக்கணும்யா, நம்மதான் அது வீட்டுக்குள்ள வந்திருக்கோம் என்றார். முக்கால் மணி நேரம் நின்றோம். அது ரோட்டோரப் புல்லைச் சாவகாசமாகத் தின்று முடித்துவிட்டுப் போனது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் செக்கிங். என் கையில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலையில் பிளாஸ்டிக் கூடாதாம், நல்ல விசயம்தான். மலைமேல் ஒரு பாட்டில் ஏறக் கூடாது என்று ஆள் போட்டு நிறுத்துகிறார்கள். மில் கக்கூஸ் தண்ணீர் முழுக்க எங்கள் ஓடையில் வந்து விழுந்ததே, அதைப் பார்க்க ஒரு ஆள் நின்றது கிடையாது. மேலே இருக்கிறவர்கள் ஊருக்கு ஒரு சட்டம், கீழே இருக்கிறவர்கள் ஊருக்கு ஒரு சட்டம். இதை மனசுக்குள்தான் சொன்னேன். வாங்கினவரிடம் சரிங்க என்றேன்.

அட்டுவம்பட்டியில் மாரியாயி அக்காளின் மகள் வீடு. மூட்டையை அங்கே போட்டுவிட்டு, அவள் கொடுத்த பட்டர் பீன்ஸ் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ரெண்டு பேரும் வட்டக்கானல் போகிற ரோட்டில் அந்த ஹோட்டலுக்குப் போனோம். குளிர் எலும்பைக் கடித்தது. ரோட்டு ஓரக் கடைகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கால் சட்டையோடு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார்கள். நான் மருமகளின் ஸ்வெட்டரும் என் வீட்டுக்காரரின் மப்ளரும் போட்டிருந்தேன். என்னைப் பார்த்து ஒரு பிள்ளை கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. பாசி படர்ந்து, மேலே பூச்செடி தொங்கி, அவ்வளவு அழகாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் எங்கள் தலையில் ஏறி இறங்கினது. அதன்மேல் பலகை ஒன்று. மாரியாயி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வெள்ளைக்காரர் காலத்துக் கற்சுவர், தொட வேண்டாம் என்று இருந்தது.

"தொட வேண்டாமா?" என்று மாரியாயி அக்கா போய் ரெண்டு கையாலும் தொட்டாள். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

வரவேற்பறையில் அந்தப் போட்டோவைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள், ஆள் உயரத்துக்கு. பாப்பாத்தி சிரித்துக்கொண்டு நிற்கிறாள், ரெண்டு காலும் நேராக. அக்காவும் நானும் அவளைக் காட்டிக் காட்டிப் பேசினோம். பக்கத்தில் ஒரு கூடை. கூடைக்குள் துணியில் செய்த வளையங்கள், பூப்போட்ட துணி, குஞ்சம் வைத்து. என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விருந்தாளிகள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் கண் முன்னாலேயே ஒரு புருசனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தார்கள். கல் சுமந்த சும்மாட்டைத் தலைப்பாகை ஆக்கிவிட்டார்கள்.

மேனேஜர் வந்தார். டேனியல் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. முப்பது வயசு இருக்கும். நல்ல மாதிரிதான் பேசினார். படத்தில் இருப்பது நாங்கள்தான் என்று மாரியாயி அக்கா சொன்னதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"ஒரிஜினல் மில் லேடீஸா? ஆன்ட்டி, ப்ளீஸ் உக்காருங்க. ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா? அந்தப் பிக்னிக் மெமரிஸ் ஏதாவது சொல்லுங்க. கொஞ்சம் சிரிச்சுட்டே."

சிரிக்கச் சொல்லி நாற்பத்தேழு வருசத்துக்கு அப்புறமும் ஒருத்தர் வந்து நிற்கிறார்.

மாரியாயி அக்கா இது உல்லாசம் இல்லை, அந்தச் சுவரைக் கட்ட வந்தோம் என்றாள். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஹிஸ்டரி டீம் சென்னையில் இருந்து வந்து எல்லாம் செக் பண்ணிப் போட்டது, அந்தச் சுவர் பிரிட்டிஷ் பீரியட் என்று இழுத்தார்.

"ஏம்ப்பா, படத்தை நல்லாப் பாரு. எங்க முதுகுக்குப் பின்னாடி செவுரு பாதிதான நிக்குது? மீதியை வெள்ளைக்காரன் செத்துப்போயி வந்து கட்டினானா?"

அவர் படத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அதைத் தினமும் பார்க்கிறவர்தான். அன்றைக்குத்தான் சுவர் பாதியாக நிற்பதைப் பார்த்தார். ஆனாலும் அந்தத் தலையணியைக் காட்டி, வேலைக்கு வருகிறவர்கள் இப்படி அலங்காரமாக வருவார்களா என்று கேட்டார்.

மாரியாயி அக்கா கூடையில் இருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். குஞ்சத்தைப் பிய்த்துப் போட்டாள். அவர் தலையில் வைத்து அழுத்தினாள். பக்கத்தில் இருந்த பூந்தொட்டியை, மண்ணோடு, செடியோடு, அலாக்காகத் தூக்கி அதன்மேல் வைத்தாள். அவர் பயந்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதுதான்யா உங்க தலையணி. இப்ப மேட்டுல ஏறு. ஏறிக்கிட்டே சிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் பாவம் சிரிப்பு வந்துவிட்டது. தொட்டியை நான்தான் இறக்கினேன், கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறதே என்று.

அங்கே நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வயசுதான் இருக்கும். படத்தில் விரல் வைத்து ஏதோ கேட்டார். மேனேஜர் தலையைத் தடவிக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். மூணாவதா நிக்கிற பொண்ணைப் பார்த்து நீங்க ரெண்டு பேரும் பேசினீங்களாம், அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க என்றார்.

நாற்பத்தேழு வருசத்தில் அதை யாரும் கேட்டது கிடையாது. மில்லில் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்களே சொல்லி அவர்களே எழுதிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். மாரியாயி அக்கா சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். கரண்ட் இல்லாத வாரம், லாரி, மேல் வரிசைக் கல், சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடந்தது, சீட்டில் எழுதினது, பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனது. நான் ரெண்டு வாக்கியம் சொல்ல, மேனேஜர் அதை இங்கிலீஷில் சொல்ல, மறுபடி நான். பாதிக்கு மேல் அவர் மெதுவாகத்தான் சொன்னார். அந்த அம்மா கூடையைத் தூக்கி வரவேற்பு மேசைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மேனேஜர் வெளியே போய் மேல் ஆபீசுக்குப் போன் பேசினார். திரும்பி வந்து, ஆன்ட்டி, சாரி, படத்தையே எடுத்துடச் சொல்லிட்டாங்க, இனிமே பிரச்சினை இல்லை என்றார். ஏணி கொண்டுவர ஆள் போய்விட்டது. மாரியாயி அக்கா அப்பாடா என்றாள்.

எனக்கு அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. இவர்களுக்கு எல்லாமே இப்படித்தான். காட்டை எடுத்தார்கள், கல்லை எடுத்தார்கள், கேட்டால் படத்தையும் எடுத்துவிடுவார்கள். படம் இங்கிருந்து போனால் எங்கள் தெரு குரூப்பில் இருக்கிற உல்லாசம் போய்விடுமா? அது அப்படியே கிடக்கும்.

"படத்தை எடுக்காதீங்க," என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எழுத்தை மாத்துங்க."

அதற்கு, மேல் ஆபீசில் இருந்து ஆள் வரணும், டிசைன் பண்ணணும், டைம் ஆகும் என்றார். நான் இப்பவே எழுதுங்க என்றேன். அவர் ஒரு காகிதம் எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெட்கமாக, தமிழ் பேசுவேன் ஆன்ட்டி, எழுத வராது, ஸ்கூல்ல ஹிந்தி எடுத்தேன் என்றார். மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. எனக்கு அவர்மேல் கோபம் குறைந்து வேறு யார்மேலோ கோபம் வந்தது.

பேனாவை வாங்கினேன். ஹோட்டல் பேர் போட்ட கெட்டிக் காகிதம். இப்படி எழுதினேன்:

"மில்லில் கரண்ட் இல்லாத நாட்களில் இந்தப் பங்களாவின் கல் சுவரைக் கட்ட லாரியில் கொண்டுவந்த பெண்கள். தலையில் இருப்பது கல் சுமக்கும் சும்மாடு. மூன்றாவது நிற்பது பாப்பாத்தி. இந்தப் படம் எடுத்த அன்று மத்தியானம் சுவர் வேலையில் கல் விழுந்து அவள் கால் போனது. அவள் விளையாடப் போகவில்லை."

கீழே பதினோரு பேர் பேரும் வரிசையாக எழுதினேன். மாரியாயி அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழாவது நிற்கிறவள் பேர் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. அரை மணி நேரம் யோசித்தோம். சோற்றுக்குப் புளிச்சக்கீரை கொண்டுவருவாளே என்று அவளும், கோணல் வகிடு எடுப்பாளே என்று நானும். கடைசியில் பழனியம்மாள் என்று வந்தது.

கண்ணாடிக்கு மேல், அந்த அச்சு எழுத்து மறைகிற மாதிரி ஒட்டச் சொன்னேன். மேனேஜரே ஒட்டினார். மேல ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது ஆன்ட்டி என்று கவலையாகக் கேட்டார்.

"ரெண்டு கெழவிங்க உல்லாசமா வந்து ஒட்டிட்டுப் போனாங்கன்னு சொல்லு," என்றாள் மாரியாயி அக்கா.

ஒட்டினதோடு சேர்த்து என் போனில் படம் எடுத்துத் தரச் சொன்னேன். எழுத்து தெரிகிற மாதிரி மூணு படம் எடுத்துக் கொடுத்தார். காபி கொடுத்தார்கள், ஒரு விரல் உயரக் கண்ணாடி டம்ளரில், கசந்தது. பெரும்பாறைக் காப்பிக் கொட்டையாம். பறிக்கிறவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, இதுக்காடி நான் ஏறி இறங்குறேன் என்றாள்.

மூணாம் நாள் பழனி வழியாக இறங்குகிற பஸ்ஸில் தனியாக வந்தேன். அக்கா பெரும்பாறைக்குப் போய்விட்டாள். பழனியில் முருகன் கோயில் கூட்டம் ஏறியது, மொட்டைத் தலைகள், பஸ் முழுக்கச் சந்தன வாசனை. எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பாட்டில் மனசு ஒட்டவில்லை. நாங்கள் வாசல் தாண்டினதும் அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பார்களோ என்று ஒரே யோசனை. கிழித்திருக்கலாம். மேல் ஆபீசில் இருந்து ஆள் வந்து, வேறு அழகான எழுத்தில் வேறு ஒரு பொய்யைப் போட்டிருக்கலாம். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் வேலை இருக்கிறது. அதனால்தான் இதை உங்களுக்கும் எழுதுகிறேன். ஒரு காகிதம் என்றால் கிழிக்கலாம், பத்திரிகை பல வீட்டுக்குப் போகும்.

மில் கேட்டில் இறங்கும்போது சாயங்காலம். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், தெருப் பெண்கள் எல்லாம் வெளியே குடத்தோடு நின்றார்கள். பாப்பாத்தி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. போனைக் கையில் கொடுத்தேன். அவள் மூணாவதுதான் படித்தவள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அவள் பேர் வந்த இடத்தில் நின்றாள். கடைசி வரியை மறுபடி மறுபடி வாசித்தாள்.

"மதினி, நீ எழுதினதா?"

ஆமா என்றேன்.

"சத்தமா வாசி."

வாசித்தேன்.

"நான் கேக்குறதுக்கு இல்ல. எனக்குத் தெரியும். எந்திரிச்சுத் தெருவுல நின்னு வாசி."

எழுந்தேன். தெருவில் இறங்கி நின்றேன். குழாயடியில் சின்னத்தாயி குடம் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மில்லில் கரண்ட் இல்லாத நாட்களில் என்று ஆரம்பித்தேன். பாப்பாத்தி வாசலில் இருந்தபடியே, இன்னும் சத்தமா என்றாள். சத்தமாக வாசித்தேன். பதினோரு பேர் பேரையும் வாசித்தேன். ஏழாவதாகப் பழனியம்மாள் பேர் வந்தது, சின்னத்தாயியைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த அவள் அம்மா. சின்னத்தாயியின் குடம் நிறைந்து வழிந்து காலடியில் ஓடியது, அவள் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை வாசிங்க," என்றாள் சின்னத்தாயி. மறுபடி முதலில் இருந்து வாசித்தேன்.